பாதி திரும்பிய ஆசனம்

எங்கள் அன்ரனிப்பிள்ளை சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வந்து குறிஞ்சிப்பிட்டியில் தங்கியவர். வான் வண்டியில் மீன் ஏற்றிப் பிழைத்தவர். வாயில் கதை குறைவு, பிடிவாதம் அதிகம். சண்டை முடிந்ததும் மற்றவர்கள் ஊர் திரும்புவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, இவர் மீன் வானைக் கழுவி, பின்பக்கம் கட்டிலும் அடுப்பும் வைத்து அதை ஒரு சின்ன வீடாக்கினார். தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் குடும்பத்தோடு போய் அதிலேயே தங்குவார். மீன் வாடை இன்னும் போகவில்லை என்று மகள் றெஜினா சொல்வாள். அது மட்டும் அவர் காதில் விழாது.

மனைவி பிலோமினாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அந்தச் சந்தோசம் கெட்டது. வெறும் கதிரையில் இருத்தினால் சரிந்துவிடுவார். வானில் இடுப்புப்பட்டி போட்ட முன் ஆசனம்தான் அவருக்குத் தோது. மற்றவர்கள் பின்னால் கூடியிருந்து சாப்பிட, அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி தனியே சாப்பிட்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அன்ரனிப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அடுத்த திருநாளுக்கு முன் பள்ளிவாசல்துறையில் வாகனம் திருத்தும் ஜபாரிடம் போனார். ஜபார் ஆசனத்தின் கீழே ஒரு சுழல் தட்டைப் பொருத்திக் கொடுத்தார்.

“ரெண்டு இடத்துலதான் இது பூட்டும் அண்ணன். ஒண்டு முன்னுக்கு, மத்தது பின்னுக்கு. கதவைத் திறந்து வெச்சிட்டுத் திருப்புங்க, இல்லாட்டி இடிக்கும்.”

தலவிலயில் மரநிழலில் வானை நிறுத்தி, மனைவியை ஆசனத்தோடு பின்பக்கம் திருப்பினார். பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். பிலோமினாவின் முகம் கறுத்தது.

“இஞ்சாருங்கோ, பழையபடி திருப்பிவிடுங்கோ. அன்னம்மாளுக்கு முதுகு காட்டிக்கொண்டு நான் சாப்பிடமாட்டன்.”

முன்கண்ணாடிக்குக் கீழே அன்னம்மாளின் கையளவு சுரூபம் இருந்தது. அந்த அன்னம்மாளின் திருநாளுக்கு வந்தவர்களே அவரை மறந்துபோனார்கள். றெஜினா அதைக் கழற்றிப் பின்னால் வைக்க எழும்பினாள். பிலோமினா விடவில்லை.

“பங்குச் சுவாமி மந்திரிச்சு வச்ச சுரூபம். எனக்காக அதைக் கிளப்பாதை.”

அன்ரனிப்பிள்ளைக்குக் கோபம் பொங்கியது. திருநாளும் அதுவுமாய் என்று அதை விழுங்கிக்கொண்டு, திறந்த கதவுப் பக்கமாக ஆசனத்தைப் பாதி மட்டும் திருப்பினார். இப்போது அன்னம்மாள் பிலோமினாவின் வலப்பக்கம். வெளியே மணலில் பாய் விரித்து, எல்லாரும் அவருக்கு எதிரே இருந்தார்கள். பிலோமினா சோற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

பாதியில் தட்டுக்குப் பூட்டு இல்லை. அவர் அசைய ஆசனமும் அசைந்தது. அன்ரனிப்பிள்ளை அவர் காலடியில் மிதிபலகையில் இருந்து, தன் முதுகை ஆசனத்துக்கு முட்டுக்கொடுத்தார். முதுகைப் பார்க்க மாட்டாமல் இவ்வளவு பாடுபட்ட மனிதர் இப்போது தானே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பினால் ஆசனம் ஆடும்.

கொஞ்ச நேரம் பொறுத்து மகளிடம் கேட்டார்.

“அம்மா சாப்பிடுறாவோ பிள்ளை?”

“ஓம் அப்பா. சிரிச்சுக்கொண்டு சாப்பிடுறா.”

“அது காணும், போதும்” என்றார், திரும்பாமல்.