டப்பா மூடிய வளைச்சுகினே வந்த ஆளு

இத கேளு பரீதா, வெள்ளிக்கெழம பல்லாவரம் சந்தைக்குப் போக தாம்பரத்துல ரயில் ஏறினேன். எதிர்ல ஒரு ஆளு, நரைச்ச மீசை, கையெல்லாம் வெள்ளப் பொடி. ஒரு எடத்துல குந்த மாட்டேங்கிறாரு. டப்பா மூடி ஒண்ண வளைக்கிறாரு, வெளிச்சத்துல பாக்குறாரு, திரும்ப வளைக்கிறாரு.

"மூடி இன்னா சார் தப்பு பண்ணுச்சு?"ன்னு கேட்டுட்டேன். என் வாய்தான் சும்மா இருக்காதே!

சிரிச்சாரு. தாம்பரத்துல ஒரு கம்பெனியில ரெண்டு தினுசு பிளாஸ்டிக்க உருக்கிக் கலக்குறாராம். ஆறச்சொல்ல உள்ள கல்கண்டாட்டம் மணி மணியா உறையுமாம். பெரிய மணியா உறைஞ்சா மூடி வெடிச்சுடும். ஒரு பொடிய தூவினா மணி சின்னதாயி, மூடி நல்லா வளையுமாம்.

"கிண்டியில மொதலாளி இத வளைச்சுப் பாப்பாரும்மா. ஒடைஞ்சா என் வேலை போச்சு."

"பாதுஷா பாகுல எலுமிச்சம்பழம் புழியறேனே, அதாட்டமா?"

"அது மணி பூக்காம தடுக்கும்மா. இது பூக்க வெக்கும், ஆனா பொடிப்பொடியா."

எனக்கு ஒரே குஷி. சானடோரியம் தாண்டச்சொல்ல படக்குன்னு மூடி ரெண்டாச்சு. ஒடைஞ்ச எடத்துல வெள்ளையா ஒரு கட்டி.

"நல்லதாச்சேன்னு பொடிய ஒரு பிடி கூடப் போட்டேன். கரையாம கட்டி தட்டிடுச்சு. மத்தியானத்துக்குள்ள வேற ஊத்தி எடுத்தாறேன்"ன்னு குரோம்பேட்டையில குதிச்சு, எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடினாரு.

அவரையே நெனச்சுகினு நானு பல்லாவரத்துல எறங்காம கிண்டிக்கே போயிட்டேன்! அங்க போறவங்க கையெல்லாம் பாத்துகினு நின்னேன், ஆளக் காணோம். பேரு கூட கேக்கல, பாவி நானு. அந்த மூடி வளைஞ்சுதா, ஒடைஞ்சுதா... ஐயோ, டேங்க் ரொம்பி ஊத்துது பாரு, மோட்டார நிறுத்தணும்!