செல்விக்குச் சொல்ல வேண்டியது

சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒன்றேகால் வயது மகள் செல்வி. சரத்தை நீட்டிய பூக்காரப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள்.

“அக்கா, பாப்பா இடது கண்ணுல என்னமோ வெள்ளையா மின்னுது லா. டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

வெயில் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கும் தாய்மார் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

எங்களுக்கு வாய்த்த கண் டாக்டர் சிறுபிள்ளைகளின் பார்வைக் கோளாறுகளையே பல வருடங்களாக ஆராய்ந்துவந்தவர். செல்விக்கு மயக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு, விழித்திரைப் புற்று (கண்ணுக்குள் காட்சி பதியும் மெல்லிய படலத்தில் வளரும் கட்டி) என்றார். கண்ணை எடுக்காவிட்டால் மூளைக்குப் பரவும். எடுத்தார்கள். கட்டுப்போட்ட முகத்தோடு பிள்ளை பால் கேட்டு அழுதது. அழுகை பழையபடியே இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் என்னையும் என் கணவரையும் டாக்டர் அழைத்தார். ஆராய்ச்சிக்காக ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். பக்கத்துக்கு ஒரு குடும்பம், ஆளுக்கு ஒரு சிறு கட்டம். நோய் வந்தவர்களின் கட்டங்களைக் கறுப்பு மையால் நிரப்பியிருந்தார். பிறகு, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவரைப் பார்த்தார். அவருக்கு வலது கண் கண்ணாடிக் கண்.

“இது எப்படிப் போச்சு?”

“கில்லி பட்டுப் போச்சுன்னு அம்மா சொல்வாங்க.”

“அப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“ஒன்றரை இருக்கும்.”

டாக்டர் பேனாவை மூடினார். “அம்மாவுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க.”

நாகப்பட்டினத்திலிருந்து பதில் வந்தது. கண்ணில் வெள்ளையாய் மின்னியது, டாக்டர் எடுத்துவிட்டார், தெரிந்தால் உனக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று மறைத்தேன் என்று என் மாமியார் எழுதியிருந்தார்.

“அப்ப, நான்தான் பிள்ளைக்குக் குடுத்தேனா, டாக்டர்?” கடுதாசியை நீட்டியபடி கேட்டார் என் கணவர்.

“உங்களுக்கே தெரியாம உங்க கூட வந்திருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றவர், ஐந்து மாதம் ஆகியிருந்த என் வயிற்றைப் பார்த்தார். “இந்தப் பிள்ளைக்கும் வரலாம். வராமலும் போகலாம். பிறந்த வாரமே கொண்டு வாங்க.”

அந்த நான்கு மாதமும், பிள்ளை அசையும்போதெல்லாம் வயிற்றைக் கையால் மூடிக்கொள்வேன்.

மகன் பிறந்தான். இரண்டு பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் டாக்டர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

“ரெண்டு புள்ளி. கடுகளவுதான்.”

கடும் ஒளியைப் பாய்ச்சி அவற்றைச் சுட்டார். பிறகு மாதாமாதம் பார்த்தார். மகனுக்கு இரண்டு கண்களும் நிலைத்தன. நோட்டில் அவன் கட்டத்தையும் கறுப்பாக்கினார்.

அவனுக்கு ஐந்து வயதானபோது, “இனிமே வருஷத்துக்கு ஒருதரம் வந்தா போதும்” என்றார். வாசல்வரை வந்து, “செல்வி பெரியவளானதும் நீங்களே சொல்லிடுங்க. அவளுக்குப் பிறக்கிற பிள்ளையையும் பார்த்தாகணும்” என்றார்.

செல்விக்கு இப்போது ஏழு வயது. நேற்று குவீன்ஸ்டவுன் வீட்டில் அவளுடைய பள்ளிப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கித் தைத்தேன். மற்ற தாய்மார் சந்தோஷமாகச் செய்யும் வேலை. நான் நூலைக் கடித்து அறுத்தேன். சொல்ல வேண்டிய நாள் இரண்டு அங்குலம் நெருங்கியிருந்தது.