கெட்ட செய்தியை முதலில் சொல்

வீட்டில் இருந்தபடியே வேறொரு நாட்டில் இருப்பவருக்கு உதவியாளராக வேலை பார்ப்பது என்றால் என்ன என்று எங்கள் தெருவில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. உழவர்கரையில், ரேஷன் கடைக்குப் போகும் சந்தில் எங்கள் வீடு. நான் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தால், எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நீ வூட்லதான இருக்க, எங்க சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிடு" என்பார். முதல் மாதம் வாங்கி வைத்தேன். இரண்டாவது மாதம் கோபம் வந்து ஜன்னலையும் சாத்திவிட்டேன். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் திறக்கவில்லை, என் பிடிவாதம் அப்படி.

எனக்கு வேலை கொடுத்தவர் பாரீஸில் இருக்கும் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கம்பெனிகளுக்குப் போய் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பவர். அவருடைய அப்பா எங்கள் ஊர்க்காரர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்ட சிப்பாய், எங்கள் பேச்சில் சொல்தா. மகள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கே. தமிழை அப்பா வாயிலிருந்து கேட்டே கற்றவர். அவருக்கு வரும் மின்னஞ்சல்களைப் பார்ப்பது, வகுப்புகளுக்குத் தேதி குறிப்பது, ரயில் டிக்கெட் போடுவது, அவர் வகுப்பில் இருக்கும்போது வரும் போன்களை எடுப்பது, இவைதான் என் வேலை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்த பிரெஞ்சு எனக்குச் சோறு போடும் என்று அதற்கு முன் நான் நினைத்ததே இல்லை.

முதல் நாள் வீடியோவில் வந்து, என்னிடம் என்னென்ன எதிர்பார்க்கிறார் என்று சொன்னார். வேலையை ஆரம்பிக்கும்போது ஒரு வரி அனுப்ப வேண்டும், முடிக்கும்போது ஒரு வரி. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், நானாக ஊகிக்கக் கூடாது. ஒரு வேலை தாமதமாகும் என்றால் தெரிந்த உடனே சொல்லிவிட வேண்டும். கடைசியாக, "கெட்ட செய்தின்னா மொதல்ல அதச் சொல்லு. நல்ல செய்தி காத்துக்கினு இருக்கும், அதுக்கு ஒன்னும் ஆவாது" என்றார். மேடம் வேண்டாம் என்றதால் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றேன். அந்த வாரம் முழுக்க அதையேதான் சொன்னேன். புரிந்தாலும் சரிக்கா, புரியாவிட்டாலும் சரிக்கா. ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரே என்று, நானாகவே முப்பது நாற்காலி போடச் சொல்லி எழுதிவிட்டேன். வந்தவர்கள் ஆறு பேர். அவ்வளவு பெரிய அறையில் ஆறு பேரை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வந்த அக்கா, "கேட்டிருந்தா அர நிமிஷம் ஆயிருக்கும்" என்றார், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

லாஸ்பேட்டை கல்லூரியில் படிக்கும் பெண்கள் இரண்டொருவர் இந்த வேலையைப் பற்றி இப்போது என்னிடம் விசாரிக்கிறார்கள். எவ்வளவு வேகமாக டைப் அடிக்க வேண்டும், எவ்வளவு இங்கிலீஷ் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அதெல்லாம் வந்துவிடும். வாயைத் திறந்து கேட்பதுதான் வராது. எனக்கு அது வருவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. மூன்றாவது மாதம், நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, நல்ல உதவியாளராகிவிட்டேன். தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா சந்து முனையில் கூடையை இறக்கிக் கூவுவதற்குள் மைக்கை அணைக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அப்போதுதான் அக்காவின் அப்பாவுக்கு உடம்பு மோசமானது. பாரீஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ஓர் ஊரில், முதியோர் இல்லத்தில் இருந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு ஒரே ஓர் ஆசைதான். அம்மா போனபோது அவர் பக்கத்தில் இல்லை. அப்பா போகும்போதாவது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதை என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். அதற்காகவே ஓர் ஏற்பாடு செய்தோம். அவர் வகுப்பில் இருக்கும்போது இல்லத்திலிருந்து வரும் போன் எனக்குத் திரும்பிவிடும். நான் உடனே அவருடைய இன்னொரு எண்ணுக்குக் கூப்பிடுவேன். அந்த போன் சத்தம் இல்லாமல் அவர் பையிலேயே இருக்கும். அது அதிர்ந்தால் வகுப்பை விட்டு வெளியே வந்து பேசுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்கு அந்த போன் வந்தது. அங்கே காலை பதினொரு மணி. பேசியது நர்ஸ். நான் வெளிநாட்டுக்காரி என்று தெரிந்து நிறுத்தி நிதானமாகப் பேசினார். இன்னும் சில மணி நேரம்தான், அதுகூட நிச்சயமில்லை, மகளை இந்த நிமிஷமே கிளம்பச் சொல்லுங்கள், அவர் மகளைக் கேட்கிறார் என்றார். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. மொழி தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அக்காவைக் கூப்பிட்டேன். வெளியே வந்தார். வகுப்பில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சிரிப்பு குரலில் இன்னும் இருந்தது. "அக்கா, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலயாம். முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இப்படித்தான் சொல்வோம். வில்லியனூரில் என் மாமா இறந்த அன்று எங்களுக்கு வந்த போனும் இதே மாதிரிதான்: மாமாவுக்குக் கொஞ்சம் முடியல, கிளம்பி வாங்க. நாங்கள் போகிற வழியிலேயே வண்டியை நிறுத்தி மாலை வாங்கினோம். உடம்பு முடியாதவருக்கு எதற்கு மாலை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சொல்பவர் குறைத்துச் சொல்வார், கேட்பவர் கூட்டிக்கொள்வார். தூரத்தில் இருப்பவர் வந்து சேரும்வரை தெம்பாக இருக்கட்டுமே என்று செய்கிற காரியம் அது. அதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அக்கா தமிழைத்தான் கற்றிருந்தார், இந்த வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "சரிம்மா, அஞ்சு மணிக்கு வகுப்பு முடிஞ்சதும் போறேன், டிக்கெட் போட்டுடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் ஐந்தரை மணி ரயிலுக்கு டிக்கெட் போட்டேன். போட்டுக்கொண்டே, பெற்ற அப்பா சாகக் கிடக்கிறார், இந்த அம்மாவுக்கு வகுப்பு பெரிதாகப் போய்விட்டதே, அந்த ஊரில் பிறந்தால் இப்படித்தான் கல்நெஞ்சாகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அங்கே மணி பன்னிரண்டு பத்து ஆனபோது நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். "பன்னிரண்டு மணி ரயிலில் ஏறிவிட்டாரா? பெரியவர் மகள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரத்தில் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

"அக்கா, நான் சரியா சொல்லல. இன்னும் சில மணி நேரந்தான்னு சொன்னாங்க. ஒடனே கெளம்பச் சொன்னாங்க. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே சொன்னாங்க."

அந்தப் பக்கம் போன் கட் ஆனது. அடுத்த ரயில் ஒன்றரைக்கு. அதில் போய் அவர் இறங்கியபோது மூன்றரை. மாலையில் ஒரே ஒரு வரி வந்தது: நான் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அப்பா போய்விட்டார். பன்னிரண்டு மணி ரயில் இரண்டு மணிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் போடச் சொல்லாத இந்தக் கணக்கை நானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து வீடியோவில் வந்தார். நானே வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்புவதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அன்னிக்கி நர்ஸ் என்ன சொன்னாங்களோ அத அப்டியே சொல்லு."

முதல் போனில் சொன்னதைச் சொன்னேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் விடவில்லை. "அப்பா என்னத் தேடனாரா?" என்று கேட்டார்.

தூக்கத்திலேயே இருந்தாராம்க்கா, ஒன்றும் தெரியாமலே போய்விட்டாராம் என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நல்லவர்கள் என்று பெயரும் வாங்கியிருப்பார்கள். எனக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

"தேடனாருக்கா. ரெண்டு தடவ போன் பண்ணப்பவும் சொன்னாங்க. பேரச் சொல்லிச் சொல்லிக் கேட்டாராம்."

அக்கா திரைக்கு மிக அருகில் வந்தார். "யார் பேர? எங்கம்மா பேரா?"

"இல்லக்கா. ஒங்க பேரத்தான்."

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஆறு மாசமா அப்பாவுக்கு என்ன அடையாளமே தெரியல. எம் பேரே அவர் வாயில வரல" என்றார்.

நான் இன்னும் அவரிடம்தான் வேலை பார்க்கிறேன். என்னைப் போகச் சொல்லவில்லை, அன்றைக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆறு மாதமாக மறந்திருந்த மகள் யாரென்று அப்பாவுக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கடைசி சில மணி நேரத்தில் மகளைப் பயிற்சி வகுப்பிலேயே நிற்க வைத்தவள் நான்.