எதிர்ப்பக்கம் ஏலம் கேட்டவர்

அரசும் தொழிற்சாலைகளும் தங்களுக்கு வேண்டிய பொருள்களை எப்படி வாங்குகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பெரம்பலூரில் யாரிடம் சொன்னாலும், “இதுல ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு? போயி வெல கேட்டு வாங்க வேண்டியதுதான?” என்பார்கள். அண்ணன் மட்டும் அப்படிக் கேட்டதில்லை. அவனுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகையில் அண்ணன் கையுறை தைத்துக்கொண்டிருந்தான். சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் தடித்த பருத்திக் கையுறை. வேறு ஊர்த் தையல்காரர் ஒருவரோடு சேர்ந்து ஈரோடு போய்க் காடாத் துணி எடுத்து வருவான். அண்ணன் வெட்டிக் கொடுக்க, அண்ணியும் ரஞ்சன்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் சில பெண்களும் தைப்பார்கள். அரியலூர்ப் பக்கம் இருந்த ஓர் ஆலைதான் எங்களுக்கு ஒரே வாடிக்கை.

ஒருமுறை அரசு ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கவும் டெண்டர் போட்டுப் பார்த்தோம். ஏற்கெனவே அரசுக்குச் சப்ளை செய்த அனுபவம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். “மொத ஆர்டர யாராச்சும் குடுத்தாத்தான பாப்பா அனுபவம் வரும்?” என்று அண்ணன் கேட்டான். அந்தக் கேள்வியை என் ஆய்வு முன்வரைவில் நல்ல தமிழில் எழுதி வைத்தேன். என் வழிகாட்டியான பேராசிரியர் பாராட்டினார். ஆஸ்பத்திரி ஆர்டர் வேறு யாருக்கோ போனது.

ஆலையில் முன்பெல்லாம் கொள்முதல் பார்க்கிற அதிகாரி போனில் கூப்பிடுவார், கொஞ்சம் பேரம் பேசுவார், ஆர்டர் வந்துவிடும். அந்த வருஷம் மெயில் ஒன்று வந்தது. இனிமேல் எல்லாம் ஆன்லைனில் தலைகீழ் ஏலம். சாதாரண ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். யார் கடைசி வரை குறைக்கிறாரோ அவருக்கு ஆர்டர். எதிரில் இருப்பது யார் என்று தெரியாது, ஏலம் கேட்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் கூடாது. நாம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பது மட்டும் திரையில் தெரியும். முடிகிற நேரத்தில் யாராவது குறைத்தால் நேரம் தானாக நீளும். இதையெல்லாம் நான் கட்டுரைகளில் நிறையப் படித்திருந்தேன். நேரில் பார்த்ததில்லை.

ஏலத்தன்று காலை கொட்டகையில்தான் சிக்னல் நன்றாக இருந்தது. வெட்டுகிற மேசைமேல் என் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்தான். பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பத்தில் நாலைந்து பேர் இருந்திருப்பார்கள்போல. எங்கள் இடம் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு முதல் இடம், இரண்டாம் இடம், மறுபடி முதல் இடம் என்று அதற்குள்ளேயே நின்றது. எதிரில் ஒரே ஒருவர்தான் மிச்சம் என்று எனக்குப் புரிந்தது.

“வுட மாட்டேங்கறான் பாப்பா. யாரோ பெரிய கம்பெனிதான்.”

“நிறுத்திக்கலாமாண்ணே?”

“நிறுத்திட்டு? இத வுட்டா வேற ஆர்டர் ஏது?”

அவன் மறுபடியும் குறைத்தான். நேரம் நீண்டது. எதிர்ப்பக்கமும் உடனே குறைத்தது.

அண்ணி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். “துணி வெலைக்கே வந்துட்டீங்களே. தைக்கிற கூலிய எங்கேருந்து குடுப்பீங்க?”

அண்ணன் இன்னும் ஒருமுறை குறைத்தான். திரும்பவும் இரண்டாம் இடம் என்று காட்டியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மிச்சமிருந்த நேரமும் ஓடியது. முடிந்ததும் பெண்களைப் பார்த்து, “சாப்ட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னான். அண்ணி எல்லாருக்கும் சேர்த்து உலை வைத்தார்.

சில மாதம் கழித்து ஆராய்ச்சிக்காக அதே ஆலையின் கொள்முதல் அதிகாரியைப் பேட்டி எடுக்கப் போனேன். வெளியூரிலிருந்து வந்த இளைஞர், மரியாதையானவர். அண்ணனைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. எவ்வளவு மிச்சப்படுத்தினார்கள் என்பதைத் திரையில் போட்டுக் காட்டினார். “எனக்கும் மேலேருந்து டார்கெட் இருக்கு மேடம்” என்றார். கையுறைதான் அவர்களுடைய நல்ல உதாரணமாம். “ஆர்டர் எடுத்தவர் ஜெயங்கொண்டத்துலதான் இருக்கார். சின்ன சப்ளையர். போய்ப் பேசிப் பாருங்களேன்.”

எதிரில் இருந்தது பெரிய கம்பெனி என்றுதான் அண்ணன் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தான். முகவரி வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டு முன்னறையில்தான் தையல் மிஷின்களைப் போட்டிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். ஆர்டரில் கொஞ்சம்தான் கொடுத்து முடித்திருந்தார். மிச்சத்துக்குத் துணி வாங்க வழியில்லை. மனைவியின் நகை ஏற்கெனவே அடகுக்குப் போய்விட்டிருந்தது. ஏன் இவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“எதுத்தாப்ல எவனோ மெட்ராஸ் கம்பெனிக்காரன்னு நெனச்சேம்மா. ஒருதரம் உள்ள வுட்டா அப்பறம் நம்மள அண்ட வுட மாட்டான். அதான் வுடாம புடிச்சேன்.” பிறகு அவராகவே சொன்னார்: “தொணைக்கி யோசன கேக்கக்கூட ஆளில்ல. பெரம்பலூர்ல ஒரு தம்பி இருக்கு, இதே தொழில்தான். ஈரோட்டுக்கு துணி எடுக்க ரெண்டு பேரும் சேந்துதான் போவோம். அதுவும் இந்தத் தடவ ஏலத்துல இருந்துச்சோ என்னமோ, கேக்கல. பேசிக்கக் கூடாதுன்னு ஆலைக்காரன் மெயில்ல போட்டிருந்தான்.”

நான் பேனாவை மூடினேன். “அது எங்க அண்ணந்தாங்க. கடைசி வரைக்கும் எதிர்ல இருந்தது அவருதான்.”

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“அந்தத் தம்பியா?” என்றார் ஜெயங்கொண்டத்துக்காரர். “ஒரு போன் போட்டிருந்தா பாதிப் பாதி எடுத்துக்கிட்டிருப்பமே தங்கச்சி.”

அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். அவன் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். “இல்லண்ணே... இல்லண்ணே, அழுவாதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க” என்பது மட்டும் கேட்டது. மறுநாள் எங்களிடம் மிச்சமிருந்த துணியையெல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றி ஜெயங்கொண்டத்துக்கு அனுப்பினான். அண்ணி தடுக்கவில்லை. அந்தத் துணியும் போதவில்லை. சொன்ன தேதிக்குச் சரக்கு வரவில்லை என்று ஆலை அவரை விலக்கி வைத்தது. அடுத்த வருஷம் ஏலத்தில் கலந்துகொள்ளவே வருஷத்துக்கு இவ்வளவு வியாபாரம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வெளி மாவட்டத்து வியாபாரி ஒருவருக்கு ஆர்டர் போனது. எங்களை யாரும் கூப்பிடவில்லை.

இதை எழுதிக்கொண்டு போய் வழிகாட்டியிடம் காட்டினேன். “போட்டியாளர் ரெண்டு பேர் பேசிக்கிட்டா அதுக்குப் பேரு கூட்டுச் சதிம்மா. அத நீங்க நியாயப்படுத்துற மாதிரி இருக்கு. தரவோட நிறுத்திக்குங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் தரவோடு நிறுத்திக்கொண்டேன். பட்டம் கிடைத்தது.

அண்ணன் மிஷின்களை விற்றுவிட்டு இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பஸ் ஓட்டுகிறான். ரஞ்சன்குடிப் பெண்கள் சின்ன வெங்காயம் உரிக்கப் போகிறார்கள் என்று கேள்வி. ஜெயங்கொண்டத்துக்காரர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். அண்ணன் எப்போதாவது அவரோடு பேசுவான். தொழிலைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நான் வேறொரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கொள்முதலில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்று போன மாதம் சீருடை வாங்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். வந்த விலைகளில் குறைவாக இருந்தது பூலாம்பாடித் தையல்காரர் ஒருவருடையது. பார்த்ததும் தெரிந்தது, துணி வாங்கவே போதாது. குழுவுக்குத் தெரியாமல் அவருக்குப் போன் செய்தேன்.

“இந்த விலை கட்டுமாங்க?”

“கட்டும் மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேணும்னா கொஞ்சம் ஏத்திக் கேக்கலாம்.”

“ஏத்துனா எனக்கு வராதுல்ல மேடம். நீங்க குடுங்க, நான் பாத்துக்கறேன்.”

போனை வைத்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் எல்லாரும் அந்த விலைக்குச் சம்மதம் என்றார்கள். முதல்வர் தாளை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன்.