சாம்பிள் கார்டோடு போன மெட்டு

சாத்தான்குளத்திலிருந்து பதினேழு வயதில் திருப்பூருக்கு வந்த ஆரோக்கியராஜ் இருபத்திரண்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் இருக்கிறான். அவன் கைபட்டதெல்லாம் வேறொருவர் லேபிளோடு கப்பலேறிவிடும். சொந்தமென்று சொல்ல ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்குத் தங்கள் சர்ச்சில் பாட அவன் எழுதி, மெட்டுக் கட்டிய பாட்டு.

முதலாளி குணா, மங்கலத்துத் தறிக்காரக் குடும்பம். முருக பக்தர். வருடாவருடம் பழனிக்குப் பாதயாத்திரை போவார்; அதைவிட முக்கியமாக, போவதை யூடியூபில் போடுவார். சொந்தமாக நாலு வரி முனகத் தெரியாது. 'கவிஞர், இசையமைப்பாளர்' என்று ஃப்ளெக்ஸ் அடித்துக்கொள்ள மட்டும் கூச்சமே கிடையாது. ஒருநாள் அவன் அதைப் பாடிக்கொண்டே தைப்பதை மிஷின் பக்கம் நின்று கேட்டவர், இன்னொருக்கா பாடுங்க என்று போனை நீட்டினார். ஆரோக்கியராஜும் பெருமையாகப் பாடினான். அந்தத் தைப்பூசத்துக்கே அவன் மெட்டில் முருகன் மயிலேறி வந்துவிட்டார். இசை: குணா.

ஆரோக்கியராஜ் அதை விட்டுவிட்டான். முருகனோடு அவனுக்கென்ன சண்டை? ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் பாடியதை மனைவி ரோஸ்மேரி யூடியூபில் ஏற்ற, நாலாம் நாள் வீடியோவைக் காணோம். காப்புரிமையை மீறிவிட்டதாம். புகார் கொடுத்தவர் குணா. பறிகொடுத்தவனையே திருடன் என்று எழுதிக்கொடுத்த மனுஷனை நினைத்து அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

ஆதாரம் தேடி, குணா பாட்டைப் பதிவு செய்த ஸ்டுடியோவுக்குப் போனான். ஸ்டுடியோக்காரர் தீனதயாளன் சிரித்துக்கொண்டே ஃபைலிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பனியன் கம்பெனி சாம்பிள் கார்டு. குணா கம்பெனியில் ஒரு துண்டுத் துணிகூடக் கார்டு இல்லாமல் வெளியே போகாது. எங்கிருந்து வந்தது, என்ன மாற்றம், தேதி, கையெழுத்து எல்லாம் வேண்டும். பாட்டையும் அதே பழக்கத்தில் பென்டிரைவில் போட்டு, கவர்மேல் கார்டை ஸ்டேபிள் அடித்து அனுப்பியிருந்தார். 'சாம்பிள்: ஆரோக்கியராஜ், ஓவர்லாக். இதேபோல் வேண்டும். வார்த்தை மட்டும் மாற்றம்.' கீழே குணாவின் கையெழுத்து. இத்தனை ஒழுங்கான திருடனை ஆரோக்கியராஜ் பார்த்ததில்லை.

கார்டை வாங்கிவந்து குணாவின் ஆபீஸ் மேஜையில் வைத்தான். குணா அசரவில்லை.

"ஏனுங்க, சுரம் ஏழுதானுங்க. ஒண்ணைப்போல ஒண்ணு வர்றதுதான். வேணும்னா 'மெட்டு உதவி'ன்னு உங்க பேரைச் சின்னதாப் போட்டுக்கலாமுங்க."

"நான் தச்ச பனியன்ல உங்க லேபிளை வைக்கிய, கூலி தாறிய, சரி. இது எங்க கோயிலுக்குக் கட்டுன மெட்டு மொதலாளி. யாருட்ட கேட்டு எடுத்திய?"

மறுநாளே ஆரோக்கியராஜ் பக்கத்துக் கம்பெனி மிஷினில் உட்கார்ந்துவிட்டான். கையோடு எடுத்துவந்திருந்த கார்டைப் படமெடுத்து யூடியூபுக்கு அனுப்பினான். சில நாளில் அவன் பாட்டு திரும்பி வந்தது. குணா பாட்டு போனது.

தைப்பூசப் பாதயாத்திரையில், வழியில் குண்டடத்திலிருந்து குணா போன் செய்தார். நேரலை பார்ப்பவர்கள் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்களாம். இன்னொரு புகார் வந்தால் சேனலே போய்விடுமாம். ஒரே ஒரு தடவை பாடிக்கொள்ளட்டுமா என்று கெஞ்சினார்.

"தாராளமாப் பாடுங்க. யாரு கட்டுன மெட்டுன்னு மைக்கில சொல்லிட்டுப் பாடுங்க, போதும்."

குணா போனை வைத்துவிட்டார். ஆரோக்கியராஜும் ரோஸ்மேரியும் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயர். அதைச் சொல்ல அந்த பக்தருக்கு வாய் வரவில்லை. மைக்கைக் கையில் பிடித்தபடி தாராபுரம் வரை ஊமையாகவே நடந்தார்.