சோலைக்குப் புது முகமூடி

காளவாசலில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த முத்திருளனுக்குப் பொறாமை புதுச் சரக்கு இல்லை. பக்கத்துத் தெருக்காரன் ஒரு குழாய் ரேடியோ கூடுதலாகக் கட்டிவிட்டால் மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதையாவது தொழில் பொறாமை என்று விட்டுவிடலாம். புற்றுநோய்க்காரனைப் பார்த்து ஒருத்தன் வயிறெரிவானா? முத்திருளன் எரிந்தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அவனுடைய இடது காதுக்குள் 'டுப்பு டுப்பு' என்று ஒரு சத்தம் கிளம்பியது. நெஞ்சு அடிக்கிற அதே தாளம். ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று நினைத்து, நல்லா இருந்த பெட்டியைப் பிரித்துப்போட்டுக் குட்டிச்சுவராக்கினான். அப்புறம் ஸ்கேனில் தெரிந்தது, மண்டையோட்டின் அடியில், காதுக்கு உள்பக்கம், ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு ஒரு கட்டி. அபூர்வமாக வருவது, புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது என்றார் டாக்டர். அறுத்தால் முகம் கோணிப்போகலாம், விழுங்க முடியாமல் போகலாம், அதனால் கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, மேற்கொண்டு வளரவிடாமல் நிறுத்துவோம் என்றார். கட்டி கரைந்து காணாமல் போய்விடாது, சத்தமும் ஓரளவு இருக்கலாம் என்றும் சொன்னார். முத்திருளன் அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கரண்டு வைக்கும்போது தலை துளிகூட அசையக் கூடாது. அதற்காக ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் இளக்கி, முகத்திலும் கழுத்திலும் அமுக்கி, ஆளுக்கொரு முகமூடி செய்து வைத்திருந்தார்கள். அதை மாட்டிக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

தினமும் அவனுக்கு முந்தின முறை சோலை என்பவருக்கு. திருமங்கலம் பக்கத்து ஆட்டு வியாபாரி. தொண்டையில் புற்றுநோய், கழுத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, பாவம் இந்த ஆள் என்று முத்திருளன் ஆரம்பத்தில் தாராளமாகவே இரக்கப்பட்டான். அந்த எலுமிச்சம்பழம் நெல்லிக்காயாகச் சிறுத்ததும் இரக்கமும் கூடவே சிறுத்தது. பிறகு கழுத்தில் ஒன்றுமே இல்லை. மிஷின் ஓட்டுகிற வித்யாஸ்ரீ வெளியே வந்து, சோலையண்ணனுக்குக் கட்டி கரைந்து முகமூடி லூசாகிவிட்டது, புதுசு செய்யவேண்டும் என்று பெஞ்சிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சோலையின் பெண்சாதி முருகம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். முத்திருளன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுடைய முகமூடி முதல் நாள் போலவே கவ்விப் பிடித்தது. அதே மிஷின், அதே கட்டில், அவனுக்கு மட்டும் என்ன கேடு? தனக்கு வால்யூமைக் குறைத்து வைக்கிறார்கள் என்றே முடிவு கட்டினான். வித்யாஸ்ரீயிடம் கேட்டும் பார்த்தான். இது வேறு கட்டி, இதற்கு நிற்பதுதான் குணம் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். யார் கேட்டது? முகமூடி லூசானால்தான் குணம் என்பது அவன் மண்டையில் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகருக்கு விரதம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டான். புருஷனுக்குப் பக்தி வந்துவிட்டதென்று பெண்சாதி பூரித்துப்போனாள். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். இவன் விரதம் மட்டும் முடியவில்லை. கன்னம் ஒட்டியது. ஒருநாள் பூட்டிய முகமூடிக்குள் தலையை ஆட்டிப்பார்த்தான், ஆடியது. அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டு, வித்யாஸ்ரீ எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப்போவதற்காகக் காத்திருந்தான்.

வித்யாஸ்ரீ இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. மிஷினைப் போடாமல் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"மெலிஞ்சது நீங்க, கட்டி இல்ல" என்றார் டாக்டர். குறி கொஞ்சம் விலகினாலும் கரண்டு மூளைத்தண்டில் விழும், இந்தப் பெண் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மறுபடி ஸ்கேன், மறுபடி முகமூடி, அதுவரை கரண்டு கிடையாது.

வெளியே பெஞ்சில் முருகம்மாள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சோலைக்குக் கரண்டில் தொண்டை வெந்துபோய் எச்சில்கூட இறங்காத சமயம். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோலை முத்திருளனை ஏற இறங்கப் பார்த்தார்.

"முழுங்க முடியிறப்ப எதுக்கு மாப்ள பட்டினி கெடந்த?"



முத்திருளனுக்கும் புது முகமூடி கிடைத்தது. சந்தோஷம்தான் இல்லை.

ரெண்டு வருஷம் கழித்து ஸ்கேனில் கட்டி அதே அளவில் இருந்தது. 'டுப்பு டுப்பு' கொஞ்சம் அடங்கியிருந்தது, போகவில்லை. அந்த வாரமே திருமங்கலத்திலிருந்து ஆள் வந்து, சோலை வீட்டு எழவுக்கு மைக் செட் வேண்டும் என்றான். கழுத்தில் கரைந்தது நெஞ்சுக்குள் கிளம்பி ஆளைக் கொண்டுபோயிருக்கிறது.

முத்திருளன் கூலிக்காரனை அனுப்பாமல் தானே போனான். வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கினபோது முருகம்மாள் எதிரில் நின்றாள்.

"அண்ணே, ஒங்க கட்டி?"

"அப்பிடியேதான் கெடக்கும்மா."

"அந்தச் சத்தம்?"

"கேக்குது."

அவள் அவனுடைய காதையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவனுக்கு நன்றாகத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சோலையின் கழுத்தை அவன் அப்படித்தான் பார்த்தான்.