சாக்கில் கட்டிய விளக்குகள்

என் வீட்டுக்காரரின் ஆட்டோவில் முன் கண்ணாடியைச் சுற்றிச் சிவப்பு விளக்கு ஓடும். கூரை ஓரத்தில் நீலம் மினுக்கும். சக்கரத்துக்கு மேலே பச்சை, பின்னால் பிரேக் பிடித்தால் ஊதா. இரும்புலியூர் ஸ்டாண்டில் வேறு யாருக்கும் இப்படி இல்லை என்று அவருக்குப் பெருமை. எனக்குத் தலைவலி.

நான் தாம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். வண்டி வழக்குகள் நிறைய வருவதால் சட்டம் அத்துப்படி. முன்பக்கம் வெள்ளையோ மஞ்சளோதான் எரியலாம், சிவப்பு பின்பக்கம்தான், மினுக்கும் நீலம் அவசர வண்டிகளுக்கு மட்டும். மூன்று வருஷமாக இவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதை ஒப்பித்தேன். "சரி சரி, இன்னொரு தோசை வை" என்பார்.

வருஷா வருஷம் எஃப்.சி. வரும். வண்டி ஓட லாயக்கானதுதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தின நாள் ஸ்டாண்டில் எல்லாரும் அலங்கார விளக்குகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி வீட்டில் போட்டுவிடுவார்கள். வண்டிக்கு மொட்டை போடுவது என்று அதற்குப் பெயர். கையெழுத்து வாங்கிய அன்று சாயங்காலமே எல்லாம் பழையபடி ஏறிவிடும்.

இந்த வருஷம் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறப்பு, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் எஃப்.சி. தேதி கிடைத்தது. எஃப்.சி. இல்லாத வண்டியில் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று, இவர் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் பிள்ளைகளின் பெற்றோர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை விளக்குச் சாக்கை என்னிடம் கொடுத்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பினார்; எனக்கு அன்று லீவு. கொஞ்ச நேரத்தில் தெருவில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குபவரின் குரல் கேட்டது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, சாக்கைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய மூன்றுசக்கர வண்டியில் போட்டுவிட்டேன். எலி ஒயரைக் கடித்துவிட்டதால் தூக்கிப் போட்டேன் என்று சொல்லப் பொய்யும் தயாராக வைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு இவர் போன் செய்தார்.

"நம்பர் பிளேட் லைட் எங்கன்றாரு இன்ஸ்பெக்டர். அலங்கார ஒயர்லயே அத்தயும் மாட்டி வெச்சிருந்தேன், சேத்துக் கழட்டிட்டேன்போல. பழைய மாடல், இங்க கடையில இல்ல. சாக்குலதான் கீது, எடுத்துகினு வா. ஒரு மணிக்குள்ள வந்தா பாக்குறேன்றாரு. உட்டா அடுத்த வாரந்தான்."

சட்டம் கூடாது என்கிற விளக்குகளோடு, கட்டாயம் வேண்டும் என்கிற வெள்ளை விளக்கையும் கழற்றிப் போட இவரால்தான் முடியும். அதையும் சேர்த்துத் தெருவில் போட என்னால்தான் முடியும்.

நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஓடினேன். ஜி.எஸ்.டி. ரோடு திரும்பும் இடத்தில் அந்தப் பழைய இரும்புக்காரர் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா, மனசு மாறிட்டியா?"

"அந்தச் சாக்கக் குடுத்துடுங்கண்ணா. எங்க வீட்டுக்காரர் பொழப்பே அதுலதான் இருக்கு."

அவர் டீ கிளாசை வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு ஓடி, புடவை மாற்றி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். இவர் விளக்கை மாட்டினார், எரிந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது இவர் சொன்னார்: "உன்னாண்ட குடுத்தா பத்திரமா இருக்கும்னு தெரியும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டியை ஓரம் கட்டினார்.

"கழட்டுன்னா நானே கழட்டிருப்பேனே."

"அதத்தானே மூணு வருஷமா சொல்றேன்."

"நீ சட்டம்னு சொன்ன. எல்லாருந்தான் சொல்றாங்க. உனக்கு இன்னா கஷ்டம்னு ஒரு நாளாச்சும் சொன்னியா?"

சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையிலிருந்து வரும் வழியில் ஒரு போலீஸ்காரர் அந்த நீல விளக்குக்காக எங்களை நிறுத்தினார். என் தம்பி வயசுதான் இருக்கும் அவருக்கு. இவர் இறங்கிக் கைகட்டி நின்றார். திட்டு முடியும்வரை தலையே நிமிரவில்லை. பின் சீட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் ஆபீசில் விளக்குச் சட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

"நீங்க அன்னைக்கு அப்படி நின்னத என்னால பாக்க முடியலங்க," என்றேன்.

இவர் வண்டியைக் கிளப்பினார்.

திங்கட்கிழமை ஆட்டோ மொட்டையாகவே போனது. முதலில் ஏறும் குட்டிப் பெண் எங்கள் தெருதான். "அங்கிள், லைட்டெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

"எனக்கே அலுத்துடுச்சு கண்ணு," என்றார்.

அலுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.